கட்டின் நடுவே மெல்லிய தாள்

திருநெல்வேலி, கீழரத வீதி
1911 ஏப்ரல் 9, ஞாயிறு

தங்கை பிரம்மநாயகிக்கு அண்ணன் தில்லைநாயகம் எழுதுவது.

உறுதியான செய்தி முதலில். நீ கேட்ட பழைய பத்திரிகைக் கட்டு வெள்ளிக்கிழமை மாலை வண்டியில் ஏறிவிட்டது. ஆதாரம், என் கையிலுள்ள ரயில்வே ரசீது. அம்பாசமுத்திரம் ஸ்டேஷனில் மாப்பிள்ளை ஆள்விட்டு எடுத்துக்கொள்ளட்டும்.

இங்கே நானும் உன் மதினி கோமுவும் சௌக்கியம். இருபத்திரண்டு வருஷம் சென்னைப் பத்திரிகைக்கு இந்த ஜில்லாச் செய்தி எழுதிச் சேர்ந்த தாள் அது. பரண் காலியானதில் மதினிக்குச் சந்தோஷம். கட்டை மேலிருந்து எடுத்துப் பயன்படுத்து. நடுவே இருப்பவை மெல்லிய தாள்கள், எதற்கும் உதவாது. அவற்றைக் கடைசிக்கு வை, அல்லது அடுப்புக்குப் போடு.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பள்ளிக்கூட வாத்தியாருக்கு இத்தனை காகிதம் எதற்கு? சனிக்கிழமை தோறும் விடியுமுன் மலையேறுகிற மாப்பிள்ளை பொழுது சாய்ந்துதான் இறங்குகிறார் என்று அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தவர் ஒருவர் சொன்னார். கூட யார் போகிறார்கள்? எழுது.

உங்கள் இருவர் உடம்பையும் விசாரித்ததாகக் கொள்க.

தில்லைநாயகம்

●

பாபநாசம்
1911 ஏப்ரல் 17

அண்ணாச்சி அவர்களுக்கும் மதினிக்கும் பிரம்மநாயகி வணக்கம். விசுத் திருநாள் கூட்டம் நேற்றுத்தான் கலைந்தது. இரண்டு பேரும் நலமே. மதினியின் மூட்டுவலி எப்படி?

கட்டு வந்து சேர்ந்தது. உங்கள் மாப்பிள்ளையோடு மலைக்கு யாரும் போவதில்லை. ஒரு மூங்கில் கம்பும் கொசுவலைத் துணியில் தைத்த பையும் போகின்றன. குன்னூரில் பூச்சி சேகரிக்கும் துரை ஒருவர், பின்சிறகில் வால் வைத்த வண்ணத்துப்பூச்சிகள் மட்டும் வேண்டும் என்று எழுதியிருக்கிறார். இந்த ஆற்றங்கரையில் அந்தக் குடும்பத்தில் எத்தனை ஜாதி என்று எண்ணவேண்டுமாம். கல்யாண தீர்த்தத்து ஈர மணலில் நீலப் பட்டை போட்டவை வெயில் ஏற ஏற வந்து உட்காரும். பாணதீர்த்தத்துப் பாதையில் கழுத்தில் பச்சைப்பொடி தூவினது போல ஒன்று. வால் இல்லாவிட்டாலும் இதே குடும்பம்தான் என்று துரை சொல்கிற மஞ்சளும் கறுப்புமான பெரியது மரத்தலைக்கு மேலேயே பறக்கும், இறங்கினால் அன்றைக்கு அதிர்ஷ்டம். இதுவரை பதினான்கு ஜாதி ஆயிற்று.

பிடித்ததைச் சிறகு மூடியபடி முக்கோணமாக மடித்த தாளுக்குள் வைப்போம். வெளியே இடமும் நேரமும் எழுதுவோம். தகரப்பெட்டியில் அடுக்கி அனுப்புவோம். காகிதம் அதற்குத்தான். நீங்கள் உதவாது என்று எழுதிய மெல்லிய தாள்தான் எங்களுக்கு முதல்தரம், அண்ணாச்சி. கனத்த தாள் உரசினால் சிறகிலுள்ள பொடி உதிர்ந்துவிடும். நடுக்கட்டைத்தான் முதலில் உருவினேன்.

ஒரு வேடிக்கை. எலுமிச்சையில் முட்டையிடுகிற ஒரு ஜாதியில் ஆணுக்கு ஒரே உடை, கறுப்பில் முத்து வரிசை. பெண்ணுக்கு மூன்று உடை. ஒருத்தி ஆண் மாதிரியே இருப்பாள். மற்ற இரண்டு பேரும், குருவி தொடாத வேறு இரண்டு ஜாதிகளின் உடையைப் போட்டுக்கொள்வார்கள். இவர்களுக்கு நாங்கள் வேஷக்காரி என்று பேர் வைத்திருக்கிறோம்.

பிரம்மநாயகி

●

திருநெல்வேலி
1911 மே 1

தங்கைக்கு ஆசி. மதினிக்கு வலி குறைந்திருக்கிறது.

உறுதியானது: உங்கள் ஊர் மலைப்பாதையில் வேட்டைக்கும் விறகுக்கும் போகிறவர்களைத் தவிர யாரையும் பார்த்ததில்லை என்று வனக்காவலர் ஒருவர் என்னிடம் நேரில் சொன்னார். மாப்பிள்ளையைப் பார்த்ததாகவும் சொல்லவில்லை, பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை.

பெண்ணுக்கு மூன்று உடை என்பதை நான் நம்பவில்லை. மூன்று ஜாதியை ஒன்று என்று எழுதி மாப்பிள்ளை துரையை ஏமாற்றுகிறாரோ, அல்லது துரை என்றே ஒருவர் இல்லையோ? அந்த மெல்லிய தாள்கள் எத்தனை செலவாயின என்பதையும் எழுது. நடுக்கட்டில் மிச்சம் இருந்தால் அப்படியே திருப்பி அனுப்பு. எனக்கு ஒரு குறிப்பு தேட வேண்டியிருக்கிறது.

தில்லைநாயகம்

●

பாபநாசம்
1911 ஜூன் 10

அண்ணாச்சிக்கு வணக்கம். மதினிக்குக் கடுக்காய்ப் பொடி இத்துடன். பதில் தாமதமானது வேண்டுமென்றுதான். நீங்கள் ஆதாரம் கேட்கிறவர். அது பொரிய வேண்டியிருந்தது.

மே 2-ஆம் தேதி ஒரு வேஷக்காரியை எலுமிச்சங்கன்றோடு கொசுவலைக்குள் அடைத்தேன். இருபத்தொரு முட்டை. புழு முதலில் காக்கை எச்சம் போல இருக்கும், பிறகு இலைப்பச்சை. பதினாறு கூட்டுப்புழு ஆயிற்று. இந்த வாரம் பதினாறும் வெளியே வந்தன. ஆண் ஒன்பது. பெண் ஏழு: மூன்று பேர் ஆண் மாதிரி, இரண்டு பேர் பின்சிறகில் வெள்ளைத் திட்டோடு, இரண்டு பேர் பின்சிறகு நிறையச் சிவப்புப் பொட்டோடு. தாய் ஒருத்தி, கன்று ஒன்று, வலை ஒன்று. எல்லாத் தாய்க்கும் மூன்றும் வருவதில்லை. முந்தின தடவை இரண்டுதான் வந்தன.

குருவி தொடாத உண்மையான சிவப்புக்காரியையும் வேஷக்காரியையும் பிரிக்க ஒரே வழி, சிறகைப் பார்க்காமல் உடம்பைப் பார்ப்பது. ஈசுரமூலிக் கொடி தின்று வளர்ந்தவளுக்கு உடம்பு சிவப்பு. அந்தக் கசப்புக்குத்தான் குருவி பயப்படும். வேஷக்காரிக்கு உடம்பு கறுப்பு. ஒரு தீங்கும் செய்யமாட்டாள்.

நடுக்கட்டு அநேகமாய்த் தீர்ந்தது. திருப்பி அனுப்ப ஒன்றுமில்லை.

பிரம்மநாயகி

●

திருநெல்வேலி
1911 ஜூலை 12

பிரம்மநாயகிக்கு. எல்லோரும் நலம்.

உறுதியான செய்தி: மாப்பிள்ளை குன்னூருக்கு அனுப்பிய தகரப்பெட்டி திங்கட்கிழமையிலிருந்து தபாலில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. ஆதாரம் உண்டு. பெயரை எழுதவில்லை.

போன மாதம் மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் சுடப்பட்டபின் இந்த ஜில்லாவில் யார் எழுதுகிற கடிதமும் இரண்டு பேருக்கு எழுதுகிற கடிதம்தான். ஆகையால் இனி உடம்பு நலம், மழை, விளைச்சல் இவற்றை மட்டும் எழுது.

ஆடிக்காற்றுக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்வது நல்லது. பரணிலும் பெட்டியிலும் உள்ள பழைய குப்பை எதையும் வைக்காதே. முழுவதையும் அடுப்பில் போடு. மதினியும் இதையே சொல்கிறாள்.

தில்லைநாயகம்

●

பாபநாசம்
1911 ஜூலை 24

அண்ணாச்சிக்கு வணக்கம். மதினி சுகமா? இங்கே நலம் என்று எழுத முடியவில்லை.

உங்கள் கடிதம் எட்டு நாள் கழித்து, பசை காயாமல் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பே வீட்டைச் சுத்தம் செய்துவிட்டார்கள். நாங்கள் அல்ல. செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டரும் நான்கு பேரும் வந்தார்கள். தபாலில் பிடித்த தகரப்பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் முற்றத்திலேயே திறந்தார்கள்.

"ஏலே பாக்கியசீலா, பைய பிரிலே. கிழிச்சிராத" என்றார் இன்ஸ்பெக்டர்.

கான்ஸ்டபிள் பிரித்தார். பூச்சியை ஒதுக்கிவிட்டுத் தாளைப் படித்தார்கள். புதுச்சேரியில் அச்சாகி, சர்க்கார் தடுத்துவைத்திருக்கிற பத்திரிகையாம். பதினோரு தாள்.

"என்ன வே வாத்தியாரே, இதை எவன் வே கொடுத்தான்?"

"சந்தையில வாங்குன பழைய பேப்பரு ஐயா" என்றார்கள் உங்கள் மாப்பிள்ளை. என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு இன்ஸ்பெக்டர், பெட்டியில் பூச்சிகளோடு இருந்த எங்கள் பட்டியலை எடுத்தார். ஒவ்வொரு தாளின் மேலும் எழுதியிருந்ததை வாசித்தார். "பாணதீர்த்தம், காலை எட்டு மணி, செவப்பு வேஷம் ரெண்டு. கல்யாண தீர்த்தம், நண்பகல், வெள்ளை வேஷம் மூணு. ஏம்மா, வேஷம் போட்டுக்கிட்டு மலையில கூடுதது யாரு?"

"பூச்சி ஐயா."

"மூணும் ஒரே ஜாதின்னு எழுதியிருக்கு. ஒரு தாய்க்கு மூணு சாடையில பிள்ளை பொறக்குமோ?"

"எங்க அம்மைக்கு நாங்க அஞ்சு பேரு. ஒருத்தருக்கு ஒருத்தர் சாடையே கெடையாது ஐயா" என்றேன். பாக்கியசீலன் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

புருஷன் பெயரைச் சொல் என்றார்கள். நான் எப்படிச் சொல்வேன்? "சிதம்பரத்துல ஆடுதாருல்லா, அவரு பேரு" என்றேன். இன்ஸ்பெக்டர் அதையும் ஒளிப்பதாக எழுதிக்கொண்டார்.

உங்கள் மாப்பிள்ளை இப்போது அம்பாசமுத்திரம் சப்ஜெயிலில். பட்டியல் பொய் என்றால் பூச்சிக்காக மலைக்குப் போனதும் பொய், கூட்டம் போட்டது மெய் என்றாகும். நான் இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சாமல் கேட்டேன். ஒரு வேஷக்காரியைக் கன்றோடு கூண்டில் போட்டுப் போலீஸ் ஸ்டேஷன் தாழ்வாரத்தில் முத்திரை வைத்துக்கொள்ளுங்கள், பொரிப்பதை நீங்களே பாருங்கள் என்றேன். "பாத்துருவோம்" என்றார். சனிக்கிழமை கூண்டு வைத்தாயிற்று. இலை போட இரண்டு வேளை போகிறேன்.

தாள் சந்தையில் வாங்கியது என்று உங்கள் மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார்கள். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. பழைய கடிதங்களையும் தேடினார்கள். நான் அடுப்பு மூட்டக் கடிதம் எடுக்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும்.

இதைப் பிரிக்கும் ஐயாவுக்கு: பசை கொஞ்சம் குறைவாகப் போடுங்கள். எழுத்து ஒட்டிக்கொள்கிறது.

பிரம்மநாயகி

●

திருநெல்வேலி
1911 ஆகஸ்டு 11

தங்கைக்கு ஆசி. மதினி உன்னை நினைத்து அழுகிறாள். தைரியமாயிரு.

உறுதியான செய்தி: விசாரணை செப்டம்பர் 4, திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, அம்பாசமுத்திரம் மாஜிஸ்திரேட் முன்பு. ஆதாரம், கச்சேரிப் பலகையில் ஒட்டிய நோட்டீஸ். வக்கீல் சத்தியநேசனைப் பேசி அமர்த்தியிருக்கிறேன். நிதானமானவர்.

வக்கீல் கேட்பது ஒன்றுதான். சந்தை என்றால் எந்தக் கடை? எந்தத் தேதி? பழைய காகிதம் விற்கிறவர் அங்கே இரண்டே பேர். இருவரும் இல்லை என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வாய் திறக்காமல் இருப்பதுதான் சந்தேகத்தை வளர்க்கிறது. மறைக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் மறைக்க வேண்டும்? இதை நீ அவரிடம் எடுத்துச்சொல்.

கூண்டு வேடிக்கையை நான் நம்பவில்லை. மூன்றும் வராவிட்டால் நிலைமை இதைவிட மோசமாகும்.

தில்லைநாயகம்

●

பாபநாசம்
1911 ஆகஸ்டு 19

அண்ணாச்சிக்கு.

இது தபாலில் வரவில்லை. புகையிலை ஏற்றிவருகிற வண்டிக்கார இசக்கியப்பன் கையில் கொடுத்திருக்கிறேன்.

பதினேழு முட்டையில் பதினோரு கூட்டுப்புழு. ஆறு புழுவைக் குளவி கொண்டுபோயிற்று. முத்திரை வைத்த வலையில் ஓட்டை இருந்தது. பாக்கியசீலன் தன் தலைப்பாகைத் துணியைக் கிழித்து அடைத்தார். அவர்தான் இப்போது இலை பறிக்கிறார், நான் போனால் "பச்சை நெறத்துல நாலு, மரக்கலருல ஏழு தொங்குதும்மா" என்று கணக்குச் சொல்லுகிறார். இந்த மாதம் முப்பதாம் தேதி, புதன்கிழமைக்குள் எல்லாம் திறந்துவிடும். பதினொன்றில் பெண் எத்தனை, எந்த உடையில் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

நீங்கள் சொல்லச் சொன்னதை ஜெயிலில் உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மச்சான் சௌக்கியந்தானா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான்.

இத்துடன் ஒரு முக்கோணம் இருக்கிறது. வைகாசியில் மடித்தது. வால் ஒன்று ஒடிந்ததால் துரைக்கு அனுப்பாமல் உப்புப்பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். சோதனையில் யார் கண்ணிலும் படவில்லை. பைய பிரியுங்கள். சிறகைப் பார்க்க வேண்டாம்.

பிரம்மநாயகி

●

பாபநாசம்
1911 ஆகஸ்டு 24
(தபால் கார்டு)

அண்ணாச்சிக்கு வணக்கம். இசக்கியப்பன் திரும்பிவந்தான். உங்கள் கையிலேயே கொடுத்ததாகச் சொன்னான். பதில் கேட்டதற்கு நீங்கள் உள்ளே போய்விட்டீர்களாம். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

பிரம்மநாயகி

●

திருநெல்வேலி, கீழரத வீதி
1911 ஆகஸ்டு 27, ஞாயிறு

தங்கை பிரம்மநாயகிக்கும், அவளுக்கு முன் இதைப் பிரிக்கிற அதிகாரிக்கும் தில்லைநாயகம் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

உறுதியான செய்தி: தகரப்பெட்டியில் அகப்பட்ட பதினோரு தாளும் என் வீட்டுப் பரணிலிருந்து போனவை. ஆதாரம், நான். துணை ஆதாரம் இரண்டு. ஒன்று, ஏப்ரல் 7-ஆம் தேதியிட்ட ரயில்வே ரசீது. அனுப்பியவர் பெயர் என்னுடையது. மற்றது, நீ அனுப்பிய முக்கோணம்.

அதைப் பிரித்தேன். உள்ளே பின்சிறகு நிறையச் சிவப்புப் பொட்டு, இடப்பக்க வால் இல்லை. உடம்பு கறுப்பு. தாளை விரித்தபோது மேல் மூலையில் மேல்விலாசச் சீட்டு பாதி கிழிந்து ஒட்டியிருந்தது. கிழியாத பாதியில் "தில்லைநாயகம், கீழரத" என்பது வரை தெரிகிறது. நீ வைகாசியில் மடித்தபோதே அதைப் பார்த்திருப்பாய். முற்றத்தில் தாளைப் படித்தார்களே, அப்போதும் உனக்குத் தெரிந்திருக்கும். மாப்பிள்ளைக்கும் தெரியும். அவர் சந்தை என்றார், நீ அதற்குமேல் பேசவில்லை. எந்தக் கடை என்று கேட்டு எழுதியவன் நான்.

கட்டைக் கட்டியது மதினி அல்ல. அந்தப் பத்திரிகை தடுக்கப்பட்டபின்னும் எனக்கு வந்துகொண்டிருந்தது. செய்தி எழுதுகிறவன் எல்லாவற்றையும் படிக்கவேண்டும் என்று வாங்கினேன். பிறகு வீட்டில் வைக்கப் பயந்தேன். எரித்தால் புகை தெரியும், ஆற்றில் விட்டால் கரையேறும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நீ காகிதம் கேட்டாய். கட்டின் நடுவே நானே வைத்தேன். பூச்சி மடிக்கிற வீட்டில் யார் தேடப்போகிறார்கள் என்று நினைக்கவில்லை. பூச்சி மடிக்கிறீர்கள் என்பதே எனக்கு அப்போது தெரியாது. என் வீட்டில் இல்லாவிட்டால் போதும் என்று மட்டும் நினைத்தேன். மெல்லிய தாளைத்தான் முதலில் எடுப்பீர்கள் என்பதும் தெரியாது.

இதை நேரில் வந்து சொல்லியிருக்கலாம். நான்கு நாளாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேரில் என்றால் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பிவிடக்கூடியவன் நான். தபாலில் போட்டுவிட்டால் திரும்ப வழியில்லை. உனக்கு எட்டு நாளில் சேரும். பிரிக்கிறவருக்கு நாளையே சேர்ந்துவிடும். அதற்காகத்தான் தபால். அவருக்கு ஒரு வேண்டுகோள்: இதை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தால் போதும், திரும்ப ஒட்டச் சிரமப்பட வேண்டாம்.

மதினியிடம் நேற்றுச் சொன்னேன். "ஆம்பளைக்கு இவ்வளவு பயமா?" என்று கேட்டாள். பிறகு என் சட்டை இரண்டைத் துவைத்துப் போட்டாள்.

சனிக்கிழமைக் காலை வண்டியில் ரசீதோடும் முக்கோணத்தோடும் புறப்படுகிறேன். அதற்குமுன் இங்கே யாராவது வந்துவிட்டால் அவற்றை மதினி எடுத்துக்கொண்டு வருவாள். பூச்சியைத் திரும்ப மடித்துத்தான் வைத்திருக்கிறோம், பொடி உதிரவில்லை.

இன்னும் தெரியாதவை: கூண்டில் பதினொன்றும் எந்தெந்த உடையில் வரும் என்பது. உன் கணக்குப்படி புதன்கிழமை, முப்பதாம் தேதிக்குள். தாளைப் பற்றிய என் வாக்குமூலத்துக்குப் பின்னும் பட்டியலை நம்ப அவர்களுக்கு அது வேண்டியிருக்கும். மாப்பிள்ளை எப்போது வீடு திரும்புவார், நான் எப்போது திரும்புவேன் என்பது. அது தெரிவது செப்டம்பர் 4, திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு மேல்.

தில்லைநாயகம்